பாட்டிலுக்கு ஒரு சாக்ஸ்: என்ஐசியு வாசலில் ஓர் அப்பா

(இந்த எபிசோடின் பேச்சு, வாசிப்பதற்கு ஏற்றபடி லேசாகத் திருத்தப்பட்டிருக்கிறது.)

தாய்ப்பால் பற்றிய எபிசோடுக்கு ஒரு ஆம்பளையை எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு நீங்க யோசிக்கலாம். நானும் யோசிச்சேன். என் மனைவியிடம் கேட்டேன். "நீயே போய்ப் பேசு. நான் அப்போ தூங்கவே இல்ல, எனக்குப் பாதி ஞாபகம் இல்ல. உனக்குத்தான் எல்லாம் எக்செல்ல இருக்குமே" என்றாள். அந்த எக்செல் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அது என் வாழ்க்கையிலேயே நான் போட்ட மோசமான ஷீட்.

2022 நவம்பர் 17. எங்கள் மகள் 29-வது வாரத்தில் பிறந்தாள். எடை 1,120 கிராம். மனைவிக்கு ரத்த அழுத்தம் எகிறி, வலிப்பு வந்துவிடக் கூடாது என்று மருந்து ஏற்றி, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அம்மா ஒரு ஐசியுவில், குழந்தை இரண்டு மாடி மேலே என்ஐசியுவில். நடுவில் லிஃப்டில் நான்.

குழந்தையை முதலில் பார்த்தது நான்தான். என் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த நீளம், அதைவிடக் கொஞ்சம் பெரிசு. மூக்கில் காற்றுக்குழாய், வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய டியூப். நான் கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது சிஸ்டர் ஒருத்தர் வந்து கேட்டார்: "சார், அம்மாவோட பால் எப்போ கொண்டு வருவீங்க?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மயக்கத்தில் கிடக்கிறாள், குழந்தை மூச்சு விடவே மிஷின் வேண்டியிருக்கிறது, இப்போது போய்ப் பாலா? அந்த சிஸ்டர் பொறுமையாகச் சொன்னார்: "இந்தக் குழந்தைக்கு அது சாப்பாடு மட்டும் இல்ல சார், மருந்து."

அது வெறும் பேச்சுக்குச் சொன்னதில்லை. குறைமாதக் குழந்தையின் குடல் முழுசாக வளர்ந்திருக்காது. குடலின் ஒரு பகுதி வீங்கி அழுகிப்போகிற ஒரு பயங்கரமான நோய் இந்தக் குழந்தைகளுக்கு வரும். பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து குறைவு. முதல் நாட்களில் வருகிற சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைய. குழந்தையால் விழுங்க முடியாவிட்டால்கூட, ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு கன்னத்தின் உள்பக்கம் தடவுவார்கள்.

அன்று சாயங்காலம் ஒரு சிஸ்டர் ஐசியுவுக்கே வந்து, படுத்த படுக்கையில் இருந்த என் மனைவிக்குக் கையாலேயே பால் எடுத்துவிட்டார். பம்ப் இல்லை. முதல் ரெண்டு நாள் வருவது கெட்டியான சொட்டுகள்தான், பம்ப் வைத்தால் அது பாட்டிலிலேயே ஒட்டிக்கொள்ளும், கைதான் நல்லது என்றார். ஒரு சின்ன சிரிஞ்சில் 0.4 மில்லி. அரை மில்லிகூட இல்லை. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படி ஏறினேன். அன்றிலிருந்து அடுத்த ஏழு வாரம் எனக்கு அதுதான் வேலை. பால்காரன்.

யாரோ ஒரு அம்மா

குழந்தைக்கு முதலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 1 மில்லி பால், டியூப் வழியாக. ஒரு நாளைக்கு 12 மில்லி. அவ்வளவு சின்ன அளவுகூட முதல் இரண்டு நாள் என் மனைவியால் தர முடியவில்லை. பால் நன்றாக ஊற ஆரம்பிக்க சாதாரணமாகவே இரண்டு மூன்று நாள் ஆகும். இங்கே குறைமாதம், ஆபரேஷன், ரத்த அழுத்தம், குழந்தையைக் கண்ணால் பார்க்கவே இல்லை. இன்னும் தாமதமாகலாம் என்றார்கள்.

டாக்டர் ஒரு படிவத்தை நீட்டினார். தாய்ப்பால் வங்கியிலிருந்து வேறொரு அம்மா தானம் கொடுத்த பாலைத் தரலாமா என்று எங்கள் சம்மதம் கேட்கும் படிவம். என் அம்மா முகம் சுருங்கிப்போனது. "யாரு பாலோ, என்ன ஏதுன்னு தெரியாம..." என்று இழுத்தார். பால் தருகிற அம்மாக்களுக்கு எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிஃபிலிஸ் எல்லாம் பரிசோதனை செய்வார்கள். பாலை 62.5 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கி, கிருமி இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். இது நேற்று வந்த விஷயமும் இல்லை. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் முன்னின்று ஆரம்பித்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "சரி விடுடா. உனக்கு அம்மை போட்டப்ப பக்கத்து வீட்டு அக்காதான் உன் தங்கச்சிக்குப் பால் கொடுத்தா" என்றார். எனக்கே அதுவரை தெரியாத கதை. கையெழுத்துப் போட்டேன். மூன்று நாள் என் மகள் குடித்தது யாரோ ஒரு அம்மாவின் பால். அவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியப்போவதும் இல்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், நன்றிங்க.

குரோம்பேட்டை டு எழும்பூர்

ஏழாம் நாள் மனைவியை டிஸ்சார்ஜ் செய்தார்கள். குழந்தை அங்கேயே. பிள்ளை பெற்றுவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வருவது எப்படி இருக்கும் என்று நான் விளக்க மாட்டேன். என்னால் முடியாது.

வீடு குரோம்பேட்டை. மருத்துவமனை எழும்பூர் பக்கம். என் ஆபீஸ் கிண்டி. மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். விடியற்காலை கடற்கரை லோக்கலில், மடியில் ஐஸ் பேக் வைத்த ஒரு நீலப் பெட்டியோடு போவேன். ஒவ்வொரு பாட்டிலிலும் லேபிள்: அம்மா பெயர், மருத்துவமனை எண், தேதி, எடுத்த நேரம். அதை என்ஐசியு வாசலில் கொடுத்துவிட்டு, காலி பாட்டில்களை வாங்கிக்கொண்டு, அதே ரயிலில் திரும்பிக் கிண்டியில் இறங்குவேன். பத்து மணிக்கு மனைவியும் அத்தையும் ஆட்டோவில் போவார்கள்.

பால் எடுப்பது மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு நாளைக்கு எட்டு முறை. ராத்திரி ஒன்றையாவது விடக்கூடாது. பாலை ஊறவைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம். குழந்தை பக்கத்தில் இருந்தால் அழும், அம்மா தானாக விழித்துக்கொள்வாள். இங்கே அழுவதற்குக் குழந்தை இல்லை. அலாரம்தான். அதிகாலை 3 மணிக்கு, காலியான தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மிஷின் 'டக்கு டக்கு' என்று இழுக்கிறது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும்.

இந்த இடத்தில்தான் நான் உதவுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஷீட் போட்டேன். தேதி, நேரம், இடது, வலது, மொத்தம். கீழே ஒரு கிராஃப். ஐந்தாம் நாள் 110 மில்லி, ஏழாம் நாள் 160, பத்தொன்பதாம் நாள் 310. கோடு மேலே போகப் போக எனக்கு உற்சாகம். ஆபீஸில் டேஷ்போர்டு பார்க்கிறவன் இல்லையா. குழந்தைக்கு நான் எதுவுமே செய்ய முடியாத அந்த நாட்களில், என் கட்டுப்பாட்டில் இருந்த ஒரே விஷயம் அந்தக் கோடுதான்.

இருபத்தி ஓராம் நாள் 240-க்கு இறங்கியது.

"ஏன் குறைஞ்சுது? மத்தியானம் ஒரு தடவை லேட்டாச்சே, அதனாலயா?" என்று கேட்டேன். குரலில் அக்கறைதான் இருந்தது, சத்தியமாக. அவள் பம்ப்பை நிறுத்தினாள். பாட்டிலைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"நான் ஆவின் பூத் இல்லடா" என்றாள்.

அவ்வளவுதான். கத்தவில்லை. போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று ராத்திரி 3 மணி அலாரம் அடித்தபோது எழுந்திருக்கவில்லை. எழுப்புவதற்கு எனக்குத் தைரியமும் இல்லை.

புயல் ராத்திரி

மறுநாள் டிசம்பர் 9. மாண்டஸ் புயல். சென்னையில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், மாமல்லபுரம் பக்கம் அது கரையைக் கடந்த ராத்திரி. எங்கள் தெருவில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. ஃப்ரீசரில் சேர்த்துவைத்த பால் இருந்தது. எல்லாம் கரைந்துவிடும் என்று எனக்குப் பதற்றம். நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கப் போனேன். "திறக்காம இருந்தாதான்டா குளிர் நிக்கும், கையை எடு" என்று அம்மா அதட்டினார். அம்மா சொன்னது சரி.

பம்ப் ஓடாது. பவர் பேங்க் காலி. மணி இரண்டு இருக்கும், மனைவி தானாக எழுந்து உட்கார்ந்தாள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. "சிஸ்டர் சொல்லிக் கொடுத்த மாதிரி கையாலயே எடுக்கறேன். கிண்ணத்தைப் பிடி" என்றாள். நான் ஒரு கையில் ஸ்டீல் கிண்ணம், ஒரு கையில் போன் டார்ச். வெளியே காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அவள் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அன்று காலை நெஞ்சோடு வைத்திருந்தபோது எப்படிக் கொட்டாவி விட்டது, அந்தக் கொட்டாவியில் வாய் எவ்வளவு பெரிசாக இருந்தது என்று. இருபத்தி இரண்டு நாளில் நாங்கள் மில்லி கணக்கு பேசாமல் குழந்தையைப் பற்றிப் பேசியது அன்றைக்குத்தான்.

கிண்ணத்தில் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தேன். ஷீட்டில் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து என்ஐசியு சிஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் குழந்தையின் சார்ட்டைத் திருப்பிக் காட்டினார். "குழந்தைக்கு இப்ப ஒரு நாளைக்கு வேண்டியதே 210 மில்லிதான் சார். அவங்க 240 எடுக்கறாங்க. நீங்க யாருக்காகக் கணக்கு போடறீங்க?"

பதில் இல்லை என்னிடம்.

பால் ஊறுவது ஒன்று, இறங்குவது வேறொன்று என்று அவர் விளக்கினார். வலி, பயம், பதற்றம் எல்லாம் பால் இறங்குவதைத் தடுக்கும். பாட்டிலில் எவ்வளவு விழுகிறது என்று முறைத்துப் பார்த்தாலே பல பேருக்கு இறங்காது. "பாட்டில் மேல ஒரு சாக்ஸ் மாட்டிடுங்க. எவ்வளவுன்னு கண்ணுக்குத் தெரியக்கூடாது. குழந்தை வீடியோவைப் பாக்கச் சொல்லுங்க. குழந்தை மேல கிடந்த துணியைக் கையில கொடுங்க." அன்றைக்கே வாங்கினேன், நீலக் கலரில் ஒரு ஜோடி குழந்தை சாக்ஸ். குழந்தையின் காலுக்கு அது பெரிசு. பாட்டிலுக்குச் சரியாக இருந்தது.

நெஞ்சோடு நெஞ்சு

கங்காரு பராமரிப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்ட குழந்தையை அம்மாவின் வெறும் நெஞ்சில் படுக்கவைத்துத் துணியால் கட்டிக்கொள்வது. 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. இன்குபேட்டர் இல்லாத ஏழைகளுக்கான மாற்று என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைத்த ஒரு ஆய்வு வந்தது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில். பிறந்த உடனேயே இதை ஆரம்பித்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். குழந்தை தேறிய பிறகு ஆரம்பிக்கும் பழைய முறையில் 15.7 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள்.

எங்களுக்கு எட்டாம் நாள்தான் ஆரம்பித்தார்கள். முதல் நாள் அரை மணி நேரம், அப்புறம் மணிக்கணக்கில். அவள் குழந்தையை வைத்திருந்துவிட்டு உடனே பால் எடுத்தால் நன்றாக இறங்கும். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து நான் போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவேன். ஆமாம், அப்பாவும் செய்யலாம். அந்த நேரத்தில் அவள் இட்லி சாப்பிடுவாள், தலை சாய்ப்பாள். அதுவும் பாலுக்கான உதவிதான்.

குழந்தைக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிட, மூன்றையும் சேர்த்துச் செய்ய ஏறக்குறைய 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை படிப்படியாகத்தான். முதலில் டியூப். நடுவில், பால் எடுத்து முடித்த காலி மார்பில் வாய் வைத்துப் பழக்குவார்கள். அப்புறம் பாலாடை. மூக்கு மாதிரி நீண்ட சின்ன ஸ்டீல் கிண்ணம். அதைப் பார்த்ததும் அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். ஐம்பது நாளாக எல்லாமே மிஷின், வயர், இங்கிலீஷ் பேர். கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரு பொருள் அங்கே வந்தது. "இதைத்தான்டி நாங்க சங்குன்னு சொல்லுவோம்" என்று மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்று. நடுவில் டாக்டர் பாலில் ஒரு பொடியைக் கலக்கச் சொன்னார். என் மனைவி உடைந்துபோனாள். "என் பால் பத்தலயா?" விஷயம் அது இல்லை. கால்சியமும் புரதமும் கடைசி மூன்று மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே குழந்தைக்குச் சேர வேண்டியவை. அந்த மூன்று மாதத்தை இவள் தவறவிட்டுவிட்டாள். அதை ஈடுகட்டத்தான் அந்தப் பொடி. இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுகை மிச்சமாகியிருக்கும்.

பால் எடுக்கும் அறையில்

அங்கே அம்மாக்கள் பால் எடுக்க ஒரு அறை இருந்தது. நான் உள்ளே போனதில்லை. மனைவி வந்து சொல்வாள். ஒருவரின் குழந்தைக்கு மஞ்சள் காமாலை. நீல விளக்கில் வைத்திருந்தார்கள். வீட்டில் எல்லாரும் "பாலை நிறுத்து" என்கிறார்கள். டாக்டர் சொன்னது நேர் எதிர்: இன்னும் அடிக்கடி கொடுங்கள், அந்த மஞ்சள் மலம் வழியாகத்தான் வெளியே போகணும். இன்னொருவரின் குழந்தைக்கு அண்ணப்பிளவு. உதடு மட்டும் பிளந்திருந்தால் பல குழந்தைகள் நேரடியாகக் குடித்துவிடும். மேல் அண்ணமும் பிளந்திருந்தால் உறிஞ்சும் விசை கிடைக்காது. அந்த அம்மா எடுத்துக் கொடுத்தார், பாலாடையில். டவுன் சிண்ட்ரோம் குழந்தையின் அம்மா ஒருவர், தளர்ந்த தாடையைக் கையால் தாங்கிக் குடிக்கவைக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

தாய்ப்பாலே கொடுக்கக் கூடாத சில நோய்களும் உண்டு, கேலக்டோசீமியா மாதிரி. ரொம்ப அபூர்வம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், பெரியம்மா இல்லை. அம்மா சாப்பிடும் மாத்திரையும் அப்படித்தான். என் மனைவியின் பிபி மாத்திரையைப் பார்த்து ஒரு சொந்தக்காரர் "பாலைக் கொட்டிடு" என்றார். டாக்டரிடம் கேட்டோம். அது பாலோடு ஒத்துப்போகிற மாத்திரைதான். கேட்காமல் விட்டிருந்தால், கொட்டியிருப்போம்.

12 கிராம்

ஜனவரி முதல் வாரம். 36 வாரம் நிறைந்தது. நேரடியாகக் குடிக்கவைத்துப் பார்க்கலாம் என்றார்கள். குடிக்கும் முன் எடை போட்டார்கள்: 1,870 கிராம். பன்னிரண்டு நிமிஷம் குடித்தாள். நடுவில் இரண்டு முறை தூங்கினாள். அதே டயப்பரோடு திரும்ப எடை: 1,882.

12 கிராம். ஏறக்குறைய 12 மில்லி. முதல் நாட்களில் ஒரு நாள் முழுக்க டியூபில் போன அதே அளவு. என் மனைவி எடை மிஷினைப் பார்க்கவில்லை, குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மிஷினைப் பார்த்தேன். பழக்கம், என்ன செய்ய.

ஜனவரி 8-ம் தேதி, 52-வது நாள், வீட்டுக்கு வந்தோம்.

அப்புறம் எல்லாம் சுபம் என்று முடிக்க எனக்கு இஷ்டமில்லை. வீட்டில் பாதி நேரடியாக, பாதி எடுத்துப் பாலாடையில். மூன்றாம் மாதம் எடை போதவில்லை, டாக்டர் சொல்லி ஒரு வேளை பவுடர் பாலும் சேர்ந்தது. 26 வார மகப்பேறு விடுப்பில் ஏழு வாரம் என்ஐசியு வாசலிலேயே போய்விட்டது. எனக்கு ஆபீஸில் கிடைத்தது ஐந்து நாள். தனியார் கம்பெனிகளில் அப்பாவுக்கு விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இல்லை. அவள் வேலைக்குத் திரும்பிக் கொஞ்ச நாளில், ஏழாவது மாதம், "போதும்" என்றாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. பம்ப்பைத் துடைத்து, வாடகைக்கு எடுத்த இடத்தில் திருப்பிக் கொடுத்தேன். அவள் கொடுத்தது தோல்வியும் இல்லை, சாதனைப் பட்டியலும் இல்லை. ஏழு மாசம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது இப்போது என்ஐசியு வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். அம்மாவாக இருந்தால், நான் எதுவும் சொல்லப்போவதில்லை, உங்களுக்குச் சொல்ல நிறைய பேர் இருப்பார்கள். அப்பாவாக, அண்ணனாக, ஃப்ரெண்டாக இருந்தால் சொல்கிறேன். பம்ப் பாகங்களைக் கழுவி வேகவையுங்கள். லேபிள் எழுதுங்கள். அவர் போனை வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களிடம் நீங்களே பேசுங்கள். 3 மணி அலாரத்துக்கு நீங்களும் எழுந்து, சும்மா பக்கத்தில் உட்காருங்கள். பால் எடுப்பதில் சந்தேகம் இருந்தால் முதல் நாளே சிஸ்டரிடம் கேளுங்கள், மூன்றாம் நாள் வரை காத்திருக்காதீர்கள்.

ஷீட் மட்டும் போடாதீர்கள். போட்டே ஆகணும் என்றால், உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. அந்த நீல சாக்ஸ் ஒன்று அவளுடைய பொம்மைக்குத் தொப்பியாக இருக்கிறது. இன்னொன்றைக் காணோம்.